இரும்பு படாத மணை

கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் ஆட்களை விரட்டி வேலை வாங்கிய கார்த்திகேசுவுக்கு, ஆள் குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட மூன்றாவது மாதம் மரவேலை வந்தது. சிலருக்கு அந்த வயதில் சர்க்கரை வரும். அவருக்கு அதுவும் இருந்தது.

வந்த விதம் ரொம்பச் சாதாரணம். கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரர் நீலநிறக் கட்டை ஒன்றைப் பலகையின் மேல் வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கினார். கட்டையிலிருந்த துளைக்குள் டிரில்லை விட்டார். பலகையில் சட்டைப்பை மாதிரி சாய்வாக ஒரு குழி விழுந்தது. அதற்குள் ஸ்க்ரூவை விட்டு முடுக்கியதும் இரண்டு பலகைகள் கடித்துக்கொண்டு நின்றன. குழி அடிப்பக்கம் போய்விட்டது. மேலே மழமழவென்று மரம் மட்டும்.

"பாத்தியா புஷ்பா, எப்படி சேத்தான்னே தெரியல."

மனைவி புஷ்பலதா காலையில் விற்கிற நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுக்கு வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தாள். "நெத்திலிய கிள்ளிக் குடுங்க. சும்மாதானே இருக்கீங்க" என்றாள்.

அந்த நீலக் கட்டைக்குப் பெயர் ஜிக். அது பொட்டலத்தில் வந்து சேர்ந்த அன்றிலிருந்து செமோர் தாமான் குடியிருப்பில் அவர்கள் வீட்டுக் கார் வெயிலில் நின்றது. காருக்கான கொட்டகையில் 'கார்த்தி மரக்கலைக் கூடம்' என்று பலகை தொங்கியது. செருப்பு அடுக்கு, டிவி மேசை, பூச்சட்டிக்கு ஸ்டாண்ட், சுவரில் மாட்டும் சாமி மேடை என்று ஆறு மாதத்தில் பெருகின. எல்லாமே ரப்பர் மரப் பலகை. "எங்கம்மா பால் வெட்டுன மரமாக்கூட இருக்கும்" என்று பார்க்க வருகிறவர்களிடம் தடவிக் காட்டுவார். பலகைக் கட்டில் ஒட்டியிருந்த சீட்டில் வியட்நாம் என்று போட்டிருந்தது. அதை அவர் முதலிலேயே கிழித்துவிடுவார்.

முன்பு குடியிருந்த ரப்பர் தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயருக்கு முன்னால் 'மரக்கலைஞர்' என்று ஒருவர் போட்டார். மறுநாள் எல்லோரும் போட்டார்கள். கார்த்திகேசு, வேண்டாம் வேண்டாம் என்று எழுதினார். ஆனால் தன் படத்துக்குக் கீழே அதையே போட்டுக்கொண்டார்.

தோட்டம் ரப்பரிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி இருபது வருடம் ஆகிவிட்டது. தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டார்கள். ஓரத்தில் காளியம்மன் கோயில் மட்டும் தகரக் கொட்டகையோடு நின்றது. ஆடிக் கடைசி ஞாயிறு அங்கே கூழ் ஊற்றுவார்கள். ஈப்போவிலிருந்தும் காம்பாரிலிருந்தும் கார்கள் வரும். அன்றைக்கு அம்மா இறங்குவது இருளாயியின் மேல்.

இருளாயிக்கு ஐம்பத்தெட்டு வயது. முன்பு பால் வெட்டினாள். இப்போது ஈப்போவில் ஒரு பேரங்காடியில் கழிவறை கழுவுகிறாள். வருடத்தில் ஒருநாள் எல்லோரும் அவளைத் தாயே என்பார்கள். மற்ற நாட்களில் அதே ஆட்கள் அந்தப் பேரங்காடிக்குப் போனால், தண்ணீர் சிந்தியிருக்கிறது என்று அவளையே கூப்பிடுவார்கள். முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

அம்மா இறங்கியதும் அவளை ஒரு மணையில் உட்கார வைப்பார்கள். அங்கிருந்துதான் குறி சொல்வாள். அந்த மணையில் இரும்பு படக் கூடாது. பட்டால் அம்மா இறங்க மாட்டாள். யார் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் தங்களுக்கு முந்தியவர்களைக் கைகாட்டுவார்கள். இந்த வருடம் அதை வைத்திருந்த பெட்டியைத் திறந்தபோது மணையைக் கரையான் தின்றிருந்தது.

கோயில் தலைவர் யுகேந்திரன் காப்புறுதி பாலிசி விற்பவர். எதிரே ஒரே ஆள் இருந்தாலும் ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்பதுபோலப் பேசுவார்.

"நம்ம சமூகத்துல ஒரு கலைஞர் இருக்கறப்போ நாம ஏன் வெளிய போவணும் கார்த்திண்ணே? இந்த ஆலயத்தின் வரலாற்றுல ஒங்க பேரு நிக்கணும். ஆனா ஒண்ணு, இரும்பு கூடாது."

"தெரியும்லா. ஒரு பொட்டு இரும்பு இருக்காது. மரத்த மரத்துல கோத்து செய்யறது. நம்ம ஆளுங்க தேரே அப்படித்தானே செஞ்சாங்க" என்றார் கார்த்திகேசு. அவர் அதுவரை மரத்தை மரத்தில் கோத்ததில்லை. ஜிக் இல்லாமல் ஒரு கோடுகூட நேராகப் போட்டதில்லை.

அளவெடுக்க இருளாயியை வரச் சொன்னார். வேலை முடிந்து நீலச் சீருடையோடு மோட்டார் சைக்கிளில் வந்தாள். சுண்ணாம்புக் குன்றுப் பக்கம் மழை இருட்டிக்கொண்டிருந்தது.

"பசியாறுனீங்களாக்கா?"

"ஆச்சு தம்பி. சீக்கிரம் பாரு, மழ வருது."

"ஒங்களுக்கு முட்டி வலின்னு கேள்விப்பட்டேன். தரையோட உக்கார வேணாம். நாலு காலு, முதுகுக்குச் சாய்மானம், சுத்தி சட்டம். சிம்மாசனம் மாதிரி போட்டுத் தாரேன்."

இருளாயி சிரித்தாள். "எதுக்கு? பழசுக்குக் காலே கெடையாதே. ஒத்தப் பலக. அந்த மாதிரி ஒண்ண அறுத்துக் குடு, போதும்."

"ஒத்தப் பலகைய அறுத்துக் குடுக்க நான் எதுக்குக்கா?" என்றார் கார்த்திகேசு. அந்த ஆறு மாதத்தில் அவர் பேசிய மிக உண்மையான வார்த்தை அதுதான்.

திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஹார்ட்வேர் கடையில் உளி வாங்கிவந்து காலில் துளை செதுக்கினார். முதல் கால் பிளந்தது. இரண்டாவதில் துளை பெரிதாகிச் சட்டம் லொடலொடவென்று ஆடியது. மூன்றாவதில் உளி நழுவிப் பெருவிரலைப் பதம் பார்த்தது. கட்டுப்போட்ட விரலைப் படம் எடுத்து, 'கலைக்குக் கொடுத்த விலை' என்று குழுவில் போட்டார். ஐம்பத்தேழு பேர் கும்பிட்டார்கள்.

மூன்று நாள் இருக்கும்போது ஜிக்கை எடுத்தார்.

சந்தையிலிருந்து புஷ்பலதா திரும்பி வந்தபோது மணை தலைகீழாகக் கிடந்தது. சட்டங்களின் உட்பக்கம் சாய்ந்த குழிகள். குழிக்குள் ஸ்க்ரூத் தலைகள் பளபளத்தன. கார்த்திகேசு உருட்டுக் குச்சியைத் துண்டு துண்டாக அறுத்துப் பசை தடவி, குழிகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் குனிந்து எண்ணினாள். "இருவத்திரண்டு."

"தேச்சு, குங்குமக் கலர் பெயிண்டு அடிச்சா ஒண்ணும் தெரியாது."

"இரும்பு ஆகாதுன்னாங்களே."

"உள்ளதானே இருக்கு. மேல படாதுலா."

"இருளாயி அக்கா நாப்பத்தெட்டு நாளு விரதம். வேலைக்குப் போற எடத்துல வெறும் தயிர்ச்சோறு தின்னுக்கிட்டு. போன் போட்டு முடியலன்னு சொல்லுங்க. யாரும் ஒங்கள அடிக்கப் போறதில்ல."

"முடியலன்னா?" என்று அவர் அவளைப் பார்த்தார். தொழிற்சாலையில் கடிதத்தைக் கையில் கொடுத்த அன்றைக்கும் அதே முகத்தோடுதான் வீட்டுக்கு வந்திருந்தார். புஷ்பலதா மேற்கொண்டு பேசாமல் சந்தைப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு அப்படிப் போனதற்காக அவள் வெட்கப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கே தகரக் கூரை கொதித்தது. கேழ்வரகுக் கூழ் அண்டாவில் இருந்தது. முருங்கைக்கீரையும் கருவாடு போடாத கத்திரிக்காய்க் குழம்பும் வாளிகளில் இருந்தன. யுகேந்திரன் முக்கால் மணி நேரம் பேசினார். ஆணி இல்லாத அறிவு என்றார். நம் மரபணுவில் உளி இருக்கிறது என்றார். கார்த்திகேசுவுக்குச் சால்வை போட்டு, 'மரச்சிற்பி' என்று அச்சடித்த கண்ணாடிச் சட்டத்தைக் கையில் கொடுத்தார்கள். கைதட்டலில் கழுத்துவரை சூடு ஏறியது. வெயில் என்று எண்ணிக்கொண்டார். புஷ்பலதா பெண்கள் வரிசையில் அண்டாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இருளாயி மஞ்சள் சேலையில் ஈரத்தலையோடு வந்து மணையில் உட்கார்ந்தாள். உடுக்கை தொடங்கியது. சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. எல்லோரும் கைகூப்பி நின்றார்கள்.

வழக்கமாகப் பத்து நிமிடத்தில் அவள் தோள் குலுங்கும். பத்து நிமிடம் போனது. கால் மணி போனது. உடுக்கைக்காரர் கை மாற்றினார். யாரோ வேப்பிலை கொண்டுவந்து மடியில் போட்டார்கள். இருளாயி நிமிர்ந்து, பேருந்துக்குக் காத்திருக்கிறவள்போல உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை மட்டும் அவள் உதடு கோணியது. நாற்பது நிமிடம் கழிந்து தன்பாட்டில் எழுந்தாள்.

"வரல" என்றாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மோட்டார் நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தாள். தலைமுடி இன்னும் காயவில்லை.

உடுக்கைக்காரர் உடுக்கையைக் கீழே வைத்தார். பிறகு கோயிலில் கோலம் போடுவது முதல் ஆளை ஒதுக்கிவைப்பது வரை எல்லாம் பார்க்கும் கலாதேவி கூழ்க் கரண்டியை எடுத்தாள். "எந்தக் கையால எதத் தொட்டாளோ. கக்கூஸ் கழுவுற எடத்துல விரதமாம்" என்றாள். போன வருடமும் இருளாயி அதே இடத்தில்தான் வேலை பார்த்தாள் என்பது அந்தச் சமயம் யாருக்கும் நினைவில்லை.

ஒரு வாரம் அதுதான் பேச்சு. பன்றிக்கறி விற்கிற கடைப் பக்கம் அவளைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அவள் மகள் வேற்று மதத்தில் கட்டிக்கொண்டதை இன்னொருவர் எடுத்தார். கூழ் வாங்காமல் போனது திமிர் என்றார்கள். 'பிழை எங்கே நிகழ்ந்தது என்பதை ஆலயம் ஆராயும்' என்று யுகேந்திரன் குழுவில் எழுதினார். மணையை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. சால்வை போட்ட மணை அது.

கார்த்திகேசு கொட்டகைப் பக்கம் போகவில்லை. கண்ணாடிச் சட்டத்தை அலமாரிக்கு மேலே குப்புற வைத்தார். புஷ்பலதா சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். நான்காம் நாள் சம்பல் கிண்டியபடியே கேட்டாள்.

"அவங்க பேர நாறடிக்கிறாங்க. நீங்க வாயத் தொறக்கப் போறீங்களா இல்லையா?"

"போறேன்" என்றார். அன்று பிற்பகலே போனார்.

இருளாயி வீடு நாலாவது மாடி. மின்தூக்கி பழுது. இருளாயி வாளியில் சீருடையை ஊற வைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு அவருக்குப் பால் விடாத தே ஓ கலக்கி, தட்டில் நான்கு பிஸ்கட் வைத்தாள். அந்தப் பிஸ்கட்டைப் பார்த்ததும் அவருக்கு எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது.

"அக்கா, மணையில இரும்பு இருக்கு. ஸ்க்ரூ போட்டு மேல அடைச்சிருக்கேன். அதான் அம்மா வரல. தப்பு என்னுது."

"தெரியும்" என்றாள்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இழுத்துப் போடுறப்ப அடியில கை வச்சேன்லா. வட்டம் வட்டமா தட்டுப்பட்டுச்சு. பெயிண்டு கண்ணுக்குத்தானே. பய என்னத்தையோ அடைச்சு வச்சிருக்கான்னு நெனச்சேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லி? ஒனக்கு சால்வயப் போட்டுட்டாங்க. ஒம் பொண்டாட்டி மூஞ்சி வேற செத்துப் போயி கெடந்துச்சு."

"நாளைக்கே கோயில்ல சொல்லிடுறேன். ஒங்க மேல ஒரு குத்தமும் இல்லன்னு."

இருளாயி வாளிப்பக்கம் திரும்பி உட்கார்ந்து துணியைக் கசக்கினாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"ஆறு வருசமா வரல தம்பி."

"என்னதுக்கா?"

"அம்மா. முன்ன வந்துச்சு. அது பொய்யில்ல. ஒடம்பு எங்கயோ போவும், எந்திரிச்சா வாயெல்லாம் கசக்கும். எங்க வீட்டுக்காரரு செத்த வருசம் நின்னு போச்சு. அந்த வருசம் சும்மாதான் உக்காந்திருந்தேன். உடுக்கைய அடிக்கிறான், அடிக்கிறான். ஒரு பொண்ணு, புருசன் வேலையில்லாம குடிக்கிறான்னு முன்னால நின்னு அழுவுது. எப்படி எந்திரிச்சுப் போறது? தலைய ஆட்டுனேன். தெரிஞ்ச ஆட்டந்தானே. அதோட ஒவ்வொரு வருசமும் ஆட்டுறேன். விரதம் மட்டும் ஒழுங்கா இருக்கேன். அதுலயாச்சும் பொய் வேணாம்னு."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்த வருசம் ஒம் மணையில உக்காந்தப்ப, கீழ ஒரு பொய்யி, மேல ஒரு பொய்யின்னு தோணிச்சு. சிரிப்பு வந்துருச்சு. நல்லவேள அடக்கிட்டேன். அப்பறம் ரொம்ப வெக்கமாப் போச்சு. அவ முன்னாலயே உக்காந்துக்கிட்டு. இனிமே முடியாதுன்னு எந்திரிச்சிட்டேன்."

"ஆளுங்க கண்டபடி பேசுறாங்கக்கா."

"பேசட்டும்லா. அடுத்த ஆடிக்குள்ள வேற ஆளப் பாத்துருவாங்க. என்னைய விட்டுருவாங்க. நீ போயி இரும்புன்னு சொன்னேன்னு வையி, வேற மணையப் போட்டு மறுபடி உக்காரும்பாங்க. நான் மறுபடி ஆடணும். என் பேரு நாறுனா நாறட்டும், எனக்கு அந்த ஆட்டம் வேணாம். ஒன்னக் கெஞ்சிக் கேக்குறேன், சொல்லாத."

"சத்தியமா சொல்ல மாட்டேன்கா" என்றார். பிஸ்கட் ஒன்றை எடுத்துத் தின்றார்.

வீட்டில் புஷ்பலதா கேட்டாள். "என்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. விட்டுரச் சொன்னாங்க."

"ஒங்களுக்கு வசதியாப் போச்சு" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள். மற்றதை அவளிடம் சொல்ல வழியில்லை. அவருடைய வாழ்க்கையில் அவர் காத்த பெரிய இரகசியம் அது. மூன்று நாள் காத்தார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கோயில் கூட்டம். தகரக் கொட்டகையில் மீஹூன் சேமியாவும் தே தாரிக் தேநீரும் கொடுத்தார்கள். இருளாயி வரவில்லை. அவளை இனிமேல் கூழ் அண்டாப் பக்கம் விடக் கூடாது என்று கலாதேவி எழுந்து சொன்னாள். நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். அடுத்து யுகேந்திரன், அம்மன் சன்னதியிலேயே மணையை நிரந்தரமாக வைத்து அதில் மரச்சிற்பியின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று முன்மொழிந்தார்.

கார்த்திகேசு பெண்கள் வரிசையைப் பார்த்தார். புஷ்பலதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருடத்தில் அவளிடம் அந்தப் பார்வையை அவர் கண்டதில்லை. ஒரு மூன்றாம் மனிதனைப் பார்க்கிற பார்வை.

அவர் எழுந்துவிட்டார்.

"இருளாயி அக்கா மேல தப்பில்ல. அந்த மணையில இருவத்திரண்டு ஸ்க்ரூ இருக்கு. நான்தான் போட்டேன். தெரியாம இருக்க அடைச்சிட்டேன்."

சொல்லச் சொல்ல நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. இருளாயிக்காகத்தான் சொல்கிறோம் என்று அந்த ஒரு நிமிடம் முழுக்க நம்பினார். குரல் தழுதழுத்தது, அது அவருக்கே நன்றாக இருந்தது. உட்கார்ந்தபோதுதான் வாளியும், ஊறிய சீருடையும், சத்தியமும் நினைவுக்கு வந்தன.

யாராவது திட்டுவார்கள், எழுந்து வந்து கன்னத்தில் ஒன்று கொடுப்பார்கள் என்று காத்திருந்தார். யுகேந்திரன் மெதுவாகக் கைதட்டத் தொடங்கினார்.

"எத்தனை பேருக்கு இந்தத் துணிச்சல் வரும்? சபையில எழுந்து தன் பிழையைச் சொல்ற பண்பு. இதுதாங்க மனிதம்."

கொட்டகை முழுக்கத் தட்டியது. கலாதேவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பாவம் அந்த அக்கா. எனக்கு அப்பவே தெரியும், அவங்க மேல ஒரு குத்தமும் இருக்காதுன்னு" என்றாள்.

வரும் வெள்ளிக்கிழமை பரிகார பூசை என்று முடிவானது. புது மணை, மறுபடி உடுக்கை, மறுபடி இருளாயி.

"அக்காவுக்கு ஒடம்பு முடியுமான்னு..." என்று கார்த்திகேசு இழுத்தார்.

"முடியாம? அதான் இரும்பு போயிருச்சே" என்றார் யுகேந்திரன். "நானே நாலு பேரோட போயி கூட்டிக்கிட்டு வாரேன். மறுக்க மாட்டாங்க."

திரும்புகிற வழியில் காரில் புஷ்பலதா அவர் தோளில் கையை வைத்தாள். "இப்பத்தான் மனுசன் மாதிரி இருக்கீங்க. என்னா சாப்பிடறீங்க மதியத்துக்கு?" என்றாள். அவர் சாலையைப் பார்த்து ஓட்டினார்.

மாலையில் இருளாயிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நாலு மாடி ஏறினார். கதவு பூட்டியிருந்தது, உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினார்.

புது மணை செய்ய அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. ஒற்றைப் பலகை. கைவாளால் அறுத்து ஓரம் தேய்த்தார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் திருவிழாவைவிடக் கூட்டம் அதிகம். யுகேந்திரனின் காரிலிருந்து இருளாயி இறங்கினாள். கோயில் சார்பில் எடுத்துக் கொடுத்த புதுச் சேலை, கழுத்தில் மாலை. வழிநெடுகக் காலில் விழுந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. பலகையில் மெல்ல முட்டியை மடக்கி உட்கார்ந்தாள். வலியில் முகம் ஒருதரம் சுருங்கியது.

உடுக்கை தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, தோள் குலுங்கியது. தலை சுழன்றது. முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. கூட்டத்தில் பெண்கள் அழுதார்கள். புஷ்பலதாவும் அழுதாள். கணவனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டாங்க பாருங்க, வந்துட்டாங்க" என்றாள். கார்த்திகேசு தரையைப் பார்த்தார்.

வரிசையில் அவரை முதலில் நிறுத்தினார்கள். உண்மையைச் சொன்னவர் அல்லவா.

இருளாயி திருநீற்றை அள்ளினாள். பெருவிரல் அவர் நெற்றியில் அழுத்தியது. திருநீற்றோடு சேர்த்துத் தரை கழுவும் மருந்து வாசனை அடித்தது. முடிக்கற்றைக்கு நடுவிலிருந்து இரண்டு கண்கள் அவரைப் பார்த்தன. தூக்கமோ மயக்கமோ இல்லாத, நன்றாக விழித்திருக்கிற கண்கள்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றார், உதடு மட்டும் அசைய.

அவள் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். "எத்தன வருசம் நான் இங்க உக்காருறனோ, அத்தன வருசம் நீ எம் முன்னால வந்து நிக்கணும். மொத ஆளா நிக்கணும். நின்னு பாக்கணும்."

கூட்டம் மொத்தமும் அவருக்குக் கிடைத்த வரத்தைப் பார்த்துக் கைகூப்பியது. யுகேந்திரன் கைப்பேசியை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.